கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பூசணம்

எங்கள் வீட்டில் பூசணம் என்றால் அது பெண்களுக்கு வரும் கெட்ட பெயர். மாங்காய் ஊறுகாயின் மேல் வெள்ளையாக ஒரு ஏடு படர்ந்துவிட்டால், ஜாடிக்குள் ஈரக் கரண்டி விட்டது யாரென்று மூன்று நாளைக்கு விசாரணை நடக்கும். கல்யாணத்துக்கு முன் பழனியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். அங்கேயும் தட்டில் பூசணம் முளைத்தால் விசாரணைதான். மைக்ரோபயாலஜி படித்தவள் என்பதால் முதல் கேள்வி எனக்கே வரும். அப்படி வளர்ந்தவள், ஒட்டன்சத்திரம் பக்கம் வாழ்க்கைப்பட்டு, நகையை அடகு வைத்து, தோட்டத்துச் சாளைக்கு வெள்ளையடித்து, அரிசிக் குருணையில் பூசணம் வளர்க்க உட்கார்ந்தேன்.

அத்தை முதல் ஆறு மாசம் சாளைப் பக்கமே வரவில்லை. வந்த அன்று, அலமாரியில் வரிசையாக நின்ற கவர்களை வாசலிலிருந்தே பார்த்தார்.

"ஏம் புள்ள, இது கத்தரிப்பூ நெறத்துல இருக்குது?"

நான் வளர்த்தது பர்பூரியோசிலியம் லைலாசினம். பழைய பெயர் பெசிலோமைசிஸ் லைலாசினஸ். 2011ல் பேரை மாற்றினார்கள். உரக்கடைகளில் பலர் இன்னும் பழைய பேரைத்தான் சொல்கிறார்கள், அதுவும் 'பேசிலோ' என்று சுருக்கி. பேர் எப்படி மாறினாலும் பின்பாதியில் உள்ள நிறம் மட்டும் மாறவில்லை. முதல் நாலைந்து நாள் பஞ்சு போல வெள்ளை. ஒரு வாரத்தில் வித்து கட்டத் தொடங்கியதும் கத்தரிப்பூ. நான் பெரும்பாலும் காப்பாற்றப் புறப்பட்டது கத்தரிச் செடியைத்தான் என்பதால், அத்தையின் கேள்வி எனக்குச் சகுனம் மாதிரிப் பட்டது.

இந்தத் தொழிலுக்கு என்னை இழுத்தது மாமா பிடுங்கிய ஒரு செடி. முக்கால் ஏக்கர் கத்தரி, நட்டு ஐம்பது நாள். உச்சி வெயிலில் செடி துவண்டு தொங்கும்; சாயங்காலமானால் தண்ணீர் பாய்ச்சாமலே நிமிர்ந்துகொள்ளும். தண்ணீர் போதவில்லை என்று மாமா ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்சினார். இலை வெளுத்ததும் யூரியா போட்டார். காடு முழுக்க அப்படி இல்லை. அங்கொரு திட்டு, இங்கொரு திட்டு. கடைசியில் பொறுமை கெட்டு ஒன்றைப் பிடுங்கியவர், வேரைப் பார்த்துச் சிரித்தார்.

"பாரு, கடலைக்கு வெக்கற மாதிரி முடிச்சு வெச்சிருக்குது. நல்லதுதானே?"

நல்லதில்லை. கடலை வேரில் இருப்பது பக்கத்தில் ஒட்டிய மணி. விரலால் தேய்த்தால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தக் கத்தரியில் வேரே வீங்கியிருந்தது. தேய்த்தால் தோல்தான் உரிந்தது. இஞ்சித் துண்டுகளைச் சரம் கோத்தது போல மேலிருந்து கீழ்வரை முண்டும் முடிச்சும். எங்கள் பக்கம் இதை 'வேர் கெழங்கு வெச்சிருச்சு' என்பார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகப் புத்தகத்தில் இதற்குப் பெயர் வேர்முடிச்சு நூற்புழு.

இதைப் புழு என்று சொல்லிவிட்டு விவசாயி கையில் செடியைக் கொடுத்தால், அவர் வேரைப் பிளந்து புழுவைத் தேடுவார். கிடைக்காது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பள்ளிக்கூட ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் இரண்டைத் தலைமாடு கால்மாடாகப் படுக்க வைத்துவிடலாம். அது மண்ணின் ஈரத்தில் நெளிந்து வந்து, வேர்நுனிக்குச் சற்று மேலே துளைத்து உள்ளே போய், ஓரிடம் பார்த்து உட்கார்ந்துவிடும். அதன் தலையைச் சுற்றியுள்ள வேர் செல்கள் சில, இதற்குச் சோறு போடுவதற்கென்றே பூதாகாரமாக வளர்ந்துவிடும். செடி மேலே அனுப்ப வேண்டிய சத்து அங்கே தேங்கும். உட்கார்ந்தது பெண் என்றால் சுரைக்குடுக்கை போல உப்பி, அதன் பிறகு அங்கிருந்து நகராது. பின்பக்கமாகக் கோந்து மாதிரி ஒன்றைச் சுரந்து, அதற்குள் முந்நூறு நானூறு முட்டை வைக்கும். எங்கள் பக்கம் அதிகமாகக் காண்கிற இனத்துக்கு ஆண் துணைகூட வேண்டியதில்லை. மண் சூடாக இருந்தால் முட்டையிலிருந்து முட்டைக்கு இருபத்தைந்து முப்பது நாள். கத்தரி ஐந்து மாசப் பயிர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இந்தப் புழுவை முதலில் பார்த்து எழுதியது நம் மலையில்தான். 1901ல் நீலகிரியில் தேவாலா எஸ்டேட்டுத் தேயிலை வேரில் பார்த்து எழுதியவர் சி.ஏ. பார்பர். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912ல் தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவரும் இவரே. கரும்புக்காக அவரை நினைவில் வைத்திருக்கிறவர்கள் அதிகம். தேயிலை வேருக்காக நினைப்பது என்னைப் போல ஓரிருவர்தான்.

மாமா அந்த வருஷம் குருணை மருந்து வாங்கிப் போட்டார். ஒரு மாசம் செடி கொஞ்சம் தெளிந்தது. மருந்து மண்ணில் ஓடித் திரியும் குஞ்சுகளைக் கொல்லும். கோந்துக்குள் பொதிந்திருக்கும் முட்டைக்கு அவ்வளவாக எட்டாது. மருந்தின் வேகம் தணிந்தபோது அடுத்த தலைமுறை தயாராக நின்றது.

முட்டையைத் தின்ன ஆள் வேண்டும். அந்த ஆள் இருக்கிறது என்பதைக் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சியில் கேட்டேன். பெரு நாட்டின் லிமாவில் சர்வதேச உருளைக்கிழங்கு மையம் இருக்கிறது. அங்கே ஜதாலாவும் அவர் கூட்டாளிகளும் உருளைக்கிழங்கு வேரிலிருந்த நூற்புழு முட்டைகளுக்குள் இந்தக் கத்தரிப்பூப் பூசணம் வளர்ந்திருப்பதை 1979ல் எழுதினார்கள். முட்டை ஓட்டில் கைட்டின் இருக்கிறது, புரதம் இருக்கிறது. இரண்டையும் கரைக்கும் நொதிகள் பூசணத்திடம் இருக்கின்றன. ஓட்டைக் கரைத்து உள்ளே புகுந்து, குஞ்சு உருவாகுமுன்பே தின்றுவிடும்.

அதே பயிற்சியில் கேட்ட இன்னொரு கதையை இன்றைக்கும் டீக்கடையில் விவசாயிகளிடம் சொல்கிறேன். இங்கிலாந்தில் தானியப் பயிரைத் தாக்கும் வேறொரு நூற்புழு உண்டு. ஒரே நிலத்தில் வருஷா வருஷம் தானியமே போட்டால் அது பெருகிக்கொண்டே போக வேண்டும். சில நிலங்களில் சில வருஷத்துக்குப் பிறகு தானாகவே குறைந்தது. ஏன் என்று பார்க்க ஃபார்மலின் கரைசலை மண்ணில் ஊற்றினார்கள். புழு குறையவில்லை, பெருகியது. ஃபார்மலின் கொன்றது புழுவின் எதிரிகளான பூசணங்களை. ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தின் பிரையன் கெர்ரி இதை ஆண்டுக்கணக்கில் துருவினார். அப்படிச் சிக்கிய பூசணங்களில் ஒன்றுக்கு இன்றைய பெயர் பொக்கோனியா. அது தடித்த தோல் போர்த்திய வித்து கட்டி, சாப்பாடு இல்லாத காலத்திலும் மண்ணில் கிடக்கும். கதையைக் கேட்டு முடித்த ஒருவர் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அவங்க சும்மா இருந்திருந்தாலே போதும்னு சொல்றீங்களா அம்மிணி?" அவருக்கு நல்ல பதில் இன்னும் வைத்திருக்கவில்லை.

2007ல் வேலை தொடங்கியது. தாய் வளர்ப்பை ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கட்டணம் கட்டி வாங்கினோம். பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. பூசணத்தை வளர்த்ததைவிட அந்தக் காகிதங்களை வளர்த்ததற்கு அதிக நாள் ஆனது. அதைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் தெம்பில்லை.

வளர்க்கும் முறை இட்லிக்கடைக்காரருக்குப் புரியும். குருணை அரிசியையோ உடைத்த சோளத்தையோ ராத்திரி ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, கையில் பிடித்தால் ஒட்டாமல் உதிரும் பதத்தில் பாலிபுரொப்பிலீன் கவரில் அரைக்கிலோ அரைக்கிலோவாகப் போட்டு, வாயில் பஞ்சடைத்து, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வேகவைக்க வேண்டும். ஆட்டோகிளேவ் என்பது கொஞ்சம் பெரிய, கோபக்கார குக்கர். ஆறியதும் தாய்ப் பூசணத்தைக் கலந்து, 28 டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கும் அறையில் பதினைந்து நாள். மூன்று நாளைக்கொரு முறை கவரைக் குலுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடை கட்டிக்கொள்ளும், நடுவில் காற்றுப் போகாது. பிறகு நிழலில் உலர்த்தி, சலித்து, டால்க் மாவோடு கலந்து பாக்கெட். கிராமுக்கு 20 லட்சம் உயிருள்ள வித்து இருக்கும் என்று லேபிளில் எழுதுகிறோம். அந்த 20 லட்சம்தான் என் நாணயம்.

சலிக்கும்போது முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். நூற்புழு முட்டையைத் தின்னும் பூசணம் சாதுவானதுதான். ஆனால் மனிதக் கண்ணில் புகுந்தால் விழியைப் புண்ணாக்கிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, எளிதில் ஆறாத புண். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை நான் அந்த அறைக்குள் விடுவதில்லை. 'இயற்கைதானே' என்று வெறுங்கையால் அள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அறைக்குள் எதிரிகளும் உண்டு. பச்சைப் பூசணம் ஒரு கவரில் வந்தால் அந்தக் கவரோடு போகும். ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வரும், பேக்கரிக்காரர்களுக்கும் அதைத் தெரியும். ஒரு கவரில் கண்ணில் பட்டால் மூன்றாம் நாள் அறை முழுக்க அதுதான். 2012 மின்வெட்டுக் காலத்தில் கரண்டு எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாது. பாதி வெந்த கவர்களோடு ஆட்டோகிளேவ் அணைந்துவிடும். பிறகு அதற்கு அடியில் விறகடுப்பு வைத்தேன். தென்னை மட்டையில் பூசணத் தொழில் நடத்திய மைக்ரோபயாலஜி பட்டதாரி இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேறு பூசணங்களும் செய்யலாமே என்பார்கள். பூச்சியைக் கொல்லும் பவேரியாவுக்கு நல்ல கிராக்கி. ஆனால் எனக்கு இரண்டு காடு தள்ளி பட்டுப்புழு வளர்க்கிறார்கள். பட்டுப்புழு வெள்ளையாக விறைத்துச் சாகும் சுண்ணாம்புக்கட்டு நோய்க்குக் காரணமே பவேரியாதான். அக்கம்பக்கத்தில் முகம் பார்த்துப் பேச வேண்டுமானால் சில வியாபாரங்களை விட்டுத்தான் ஆக வேண்டும்.

இனி என் தோல்வியைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் வருஷம். கள்ளிமந்தயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒரு மத்தியானம் சாளைக்குள் வந்தார். தோளில் சாக்கு. அதற்குள்ளிருந்து ஒரு தக்காளிச் செடியை மண்ணோடு எடுத்து, நான் வித்து எண்ணிக்கொண்டிருந்த மேஜைமேல் வைத்தார். வேர் முழுக்க முடிச்சு.

"இந்தாங்க அம்மிணி, உங்க மருந்து."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நாலு கிலோ வாங்கியிருந்தார். ஒன்றரை ஏக்கர் போயிருந்தது.

அவர் வாங்கிய கடைக்குப் போனேன். என் பாக்கெட்டுகள் முன்பக்கக் கண்ணாடி அலமாரியில், மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில், விளம்பரத்துக்காக அடுக்கப்பட்டிருந்தன. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. நன்றாகத் தெரியட்டும் என்று என்மேல் இருந்த பிரியத்தில் வைத்திருக்கிறார். உயிருள்ள சரக்கு, நிழலில் வையுங்கள் என்று நான் வாய்விட்டு ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்ததோடு சரி. நாலு பாக்கெட்டைத் திரும்ப எடுத்து வந்து தட்டில் ஊற்றிப் பார்த்தேன். லட்சத்தை விடுங்கள், ஆயிரத்தைக்கூட எண்ண முடியவில்லை. இரண்டு தட்டு சுத்தமாக வெறுமை. என் தொழிலில் முதல் முறையாக, பூசணம் முளைக்காத தட்டைப் பார்த்து அழுதேன்.

அதோடு முடியவில்லை. பெரியவர் காட்டுக்குப் போய் விசாரித்தேன். பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து, நட்டு ஒரு மாசம் கழித்து, செடி வாடிய பிறகு வேரில் ஊற்றியிருக்கிறார். மூன்றாம் நாள், வாடல் நோயாக இருக்குமோ என்று கார்பென்டாசிமும் ஊற்றியிருக்கிறார். பூசணக்கொல்லி பூசணத்தைக் கொல்லும், என்னுடையது உன்னுடையது என்று பார்க்காது. மிச்சம் மீதி உயிரோடிருந்ததும் அதில் போயிருக்கும். அவரும் தப்புச் செய்யவில்லை. கடையில் மருந்து என்று கொடுத்தார்கள். மருந்தைப் போலவே பயன்படுத்தினார். நோய் வந்தபின் ஊற்றுவது, குணமாகாவிட்டால் இன்னொன்றை ஊற்றுவது.

அன்றிலிருந்து 'மருந்து' என்ற சொல்லைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தேன். வாயிலிருந்து எடுக்க இன்னும் நாளானது. அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று தெரியாமல் கொஞ்சகாலம் 'நுண்ணுயிர்' என்றேன். யாருக்கும் மனசில் நிற்கவில்லை. அத்தைதான் ஒருநாள் மோர் கடைந்தபடியே சொன்னார்: "உறைன்னு சொல்லு. பாலுக்கு உறை ஊத்தற மாதிரிதானே எருவுக்கு ஊத்தறே?"

ஆறு மாசம் சாளைக்குள் கால் வைக்காதவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் என் விற்பனை முறையே மாறியது. உறை என்றால், பால் காய்ச்சி ஆறியிருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. ராத்திரியே ஊற்ற வேண்டும், சாப்பிட உட்கார்ந்தபின் ஊற்றி என்ன பயன்? எல்லாம் அவர்களுக்கே தெரியும்.

நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு டன், அதோடு வேப்பம்புண்ணாக்கு, பூசணம் 2 கிலோ. மரநிழலில் குவித்து, கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உடையும் ஈரத்தில் வைத்து, பழைய சாக்கால் மூடி, பதினைந்து நாள். இடையில் ஒன்றிரண்டு முறை கிளறிவிட வேண்டும். இங்கே எல்லோரும் வழுக்கும் இடம் சாணி. பச்சைச் சாணியைக் குவித்தால் அது மக்கும்போது கை வைக்க முடியாத அளவு சூடேறும். அந்தச் சூட்டில் நம் பூசணம் வெந்துபோகும். குவியலுக்குள் கையை முழங்கை வரை விட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருந்தாலே திரும்பிவிடுவேன், பத்து நாள் கழித்து வருகிறேன் என்று.

அதைவிட முக்கியம் நாற்று. வேர் உருவாகும் முதல் மூன்று நாலு வாரத்தில் புழு நுழைந்துவிட்டால் செடி கடைசிவரை எழாது. பூசணம் புழுவுக்கு முன்னால் வேருக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் 98 குழித்தட்டில் நாற்றுவிடும் பண்ணைகளைப் பிடித்தேன். தென்னை நார்க்கழிவில் இதையும் டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூசணத்தையும் கலந்து விதைக்கச் சொன்னேன். டிரைக்கோடெர்மா முட்டையைத் தின்பதில் அவ்வளவு கெட்டியில்லை என்பது என் அனுபவம். ஆனால் வேரோடு சேர்ந்து வளர்ந்து, செடியை உஷார்ப்படுத்தி வைக்கும். நூற்புழு போட்ட ஓட்டை வழியாக நுழையும் வாடல், அழுகல் பூசணங்களையும் மறிக்கும். சில ஊர்களில் மேட்டுப்பாத்தியில் விட்ட நாற்றே முடிச்சோடு வந்து, சுத்தமான காட்டுக்கும் புழுவைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. நாற்று வாங்கும்போது ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள் என்று சொன்னதற்காக ஒரு பண்ணைக்காரர் என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை.

வேர் கழுவுவதில் எனக்கு ஒரு பைத்தியமே உண்டு. செடியை இழுக்கக் கூடாது, கடப்பாரையால் நெம்பி மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மெதுவாக அலச வேண்டும். பேக்கரிக்காரர்கள் வாங்கும் சிவப்புச் சாயத்தைக் கொஞ்சம் கரைத்து, அதில் வேரைக் கால் மணி நேரம் போட்டு எடுத்து, இன்னொரு தண்ணீரில் அலசினால், வேர் வெளிறியபடியே நிற்கும், முட்டைப் பொதிகள் மட்டும் குங்குமப் பொட்டு போலச் சிவந்து தெரியும். புழுவே கிடையாது என்று அதுவரை அடித்துப் பேசியவர்கள் அந்தப் பொட்டுகளைப் பார்த்ததும் மௌனமாகிவிடுவார்கள். ஒரு பொட்டுக்கு முந்நூறு என்று நான் சொல்வேன். அவர்கள் எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

அந்தப் பொட்டு ஒன்றை ஊசி முனையில் எடுத்து, கண்ணாடிச் சில்லில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நல்ல முட்டை சின்ன அவரை விதை வடிவில், கண்ணாடி போல இருக்கும். உள்ளே குஞ்சு மடிந்து சுருண்டு படுத்திருப்பது தெரியும். சில சமயம் அசையும். பூசணம் பிடித்த முட்டை மங்கலாக, உள்ளே நூல் நூலாகக் குழம்பி இருக்கும், ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே ஓரிரு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன், அலுக்கவில்லை. அத்தையிடம் ஒருநாள் காட்டினேன். "ஐயோ பாவம்" என்றார், எதைப் பார்த்து என்று தெரியவில்லை.

அங்கிருந்தேதான் தாய்ப் பூசணத்தையும் புதுப்பிக்கிறேன். அகார் தட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் பூசணம் சோம்பேறியாகிவிடும். வித்து குறையும், வெள்ளையாகவே நின்றுவிடும், முட்டையைக் கொடுத்தால் சும்மா மேலே படரும். ஆஸ்டலில் சாப்பிட்டுப் பழகிய பையன்போல. வருஷத்துக்கு ஒருமுறையாவது அதை முட்டைமேல் விட்டு, முட்டைக்குள் போய் வளர்ந்ததை மட்டும் பிரித்தெடுத்து, அதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நிறம் நன்றாக இருக்கிறது என்று பத்து வருஷமாக ஒரே குழாயை ஓட்டுகிற ஆட்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் பாக்கெட்டிலும் 20 லட்சம் இருக்கும்.

பலன் எப்படி என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். முடிச்சுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது வழக்கம். ஒரு வேரில் நூறு முடிச்சுக்கு மேல் இருந்தால் 5. ஒன்றும் செய்யாத காட்டில் 5 என்றால், எருவோடும் நாற்றோடும் சரியாகச் செய்த காட்டில் 3 வரும், நல்ல வருஷத்தில் 2. பூஜ்யத்தை நான் பார்த்ததில்லை. "3ன்னா பாஸா பெயிலாங்க?" என்று ஒரு தம்பி கேட்டான். மார்க்கெட்டுக்குப் பெட்டி போனால் பாஸ் என்றேன்.

தக்காளியில்தான் இது அதிகம் சறுக்குகிறது. காரணத்தை வேரை அறுத்துப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். தக்காளியில் முடிச்சு மிகப் பெரிதாக வீங்குவதால் பெண் புழுவும் முட்டைப் பொதியும் வேரின் சதைக்குள்ளேயே புதைந்துவிடுகின்றன. பூசணம் வேருக்கு வெளியே காத்திருக்கும், முட்டை உள்ளே பத்திரமாக இருக்கும். அதனால் தக்காளிக்கு அடுத்து தக்காளி, கத்தரிக்கு அடுத்து வெண்டை என்று போடும் காட்டில் என் சரக்கை வாங்காதீர்கள் என்றே சொல்லிவிடுவேன். மூன்றுமே அந்தப் புழுவுக்கு விருந்து. நடுவில் ஒரு போகம் சோளமோ செண்டுமல்லியோ போட்டுவிட்டு வாருங்கள். கோடை உழவு ஓட்டி வெயில் காட்டிவிட்டு வாருங்கள். கத்தரிக்குச் சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று கிடைத்தால் அதையே நடுங்கள். சுண்டைக்காய் வேரில் இந்தப் புழுவின் பாச்சா அவ்வளவாகப் பலிப்பதில்லை. இவையெல்லாம் என் வியாபாரத்துக்கு விரோதமான பேச்சு என்று என் கணவர் சொல்வார். கணக்கு நோட்டைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான்.

ஆயக்குடிக் கொய்யாக்காரர்கள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். அங்கே வந்திருப்பது இதே குடும்பத்தில் இன்னும் முரட்டு இனம். வருஷக்கணக்கில் நிற்கும் மரம், உழவு ஓட்டிப் பயிர் மாற்ற வழியில்லை. அது தனியாக எழுத வேண்டிய துக்கம்.

கள்ளிமந்தயம் பெரியவர் மூன்று வருஷம் கழித்துத் திரும்ப வந்தார். டீக்கடையில் யாரோ 'உறை' பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கிலோ வாங்கி, நான் சொன்னதைவிடப் பொறுமையாகச் செய்தார். அடுத்த வருஷம் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. மறுபடி கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து நானே போனேன். காட்டில் கத்தரி தளதளவென்று நின்றது. வேப்பமரத்தடியில் எருக் குவியல். பழைய குவியலிலிருந்து நாலு கூடை எடுத்து வைத்து, புதுக் குவியலில் கலந்து, அதிலிருந்து அடுத்ததற்கு என்று ஓட்டியிருக்கிறார்.

"தயிருக்கு வருசா வருசம் உறை கடையிலயா வாங்கறோம்?" என்றார்.

வியாபாரமாகப் பார்த்தால் எனக்கு அது நஷ்டம். ஆனால் ஆவலாக இருந்தது. ஒரு பிடி எரு வாங்கி வந்து தட்டில் ஊற்றினேன். ஏழாம் நாள், பச்சையும் வெள்ளையும் கருப்புமாக நாலைந்து வகைப் பூசணங்களுக்கு நடுவே, கத்தரிப்பூ நிறத்தில் வட்டங்கள். கிராமுக்கு ஒரு லட்சம் சொச்சம். என் பாக்கெட்டில் இருப்பதில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் ஒரு டன் குவியலுக்கு அது சொந்தமாகச் சம்பாதித்த கணக்கு. அதன்பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் ஒரு டப்பா எரு பஸ்ஸில் வரும், எண்ணிச் சொல்லச் சொல்லி.

போன ஆடியில் வந்ததை எண்ணிவிட்டுப் போன் செய்தேன்.

"நாப்பதாயிரந்தாங்க இருக்குது. போன வருசத்துல பாதிகூட இல்ல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பச்சச் சாணி எதாச்சும் சேந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"பேரன் ரெண்டு கூடை கொட்டிப்போட்டான் அம்மிணி. நா ஊர்ல இல்ல." பிறகு அவரே சொன்னார்: "செரி, ஒரு கிலோ குடுத்துவுடுங்க. உறை கெட்டுப்போனா பக்கத்து வீட்டுலதானே வாங்கோணும்?"

மத்தியானப் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். கண்டக்டர் தம்பி வாங்கி முன்கண்ணாடி ஓரமாக வைக்கப் போனார். வெயில் படாமல் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லி, வைத்ததைப் பார்த்த பிறகே இறங்கினேன்.